நீல மூடி டப்பா

நீல மூடி டப்பாவுக்குள் கரண்டியை விட்டார் எலியண்ணன். அது அடியில் போய்ச் சுரண்டியது.

அவர் திருடர் இல்லை. ஆராய்ச்சிக்கூடத்தில் முப்பது வருஷமாக எலி வளர்ப்பவர், அவ்வளவுதான். வயது அறுபது. இன்னும் இரண்டு வருஷம் வேலையில் நீடிக்க வேண்டுமென்றால், மாதக் கடைசியில் அதிகாரி முன்னால் இருபது கிலோ தீனி மூட்டையைத் தூக்கி மேல்தட்டில் வைத்துக் காட்ட வேண்டும். ஒத்திகை பார்த்ததில் மூட்டை அசையவில்லை, இடுப்புதான் அசைந்தது. வீட்டில் மனைவியோ, ஓய்வுபெற்ற பின் அவர் செய்யவேண்டிய வேலைகளை நான்கு பக்கத்துக்கு எழுதித் தயாராக வைத்திருந்தாள்.

நீல டப்பாவில் இருந்தது ஆப்பிள் தோலிலிருந்து எடுத்த சத்து கலந்த மாவு. அதைத் தின்ற கிழட்டு எலிகள் ஆரம்பத்தில் சக்கரத்தில் இளவட்டங்கள் மாதிரி ஓடியதை அவரே பார்த்தார். எலிக்கு ஆவது நமக்கு ஆகாதா? தினமும் இரண்டு கரண்டி, டீயில்.

குறைந்ததை, மருந்து தராத எலிகளுக்கான சிவப்பு மூடி டப்பாவின் சாதா மாவால் நிரப்பினார். சிவப்பு காலியானது. அதற்குக் கீழ்த்தளக் கிடங்கிலிருந்து மூட்டை வர வேண்டும். ஆளைக் கூப்பிட்டால் ஏன் எதற்கு என்பார்கள். முதல் மூட்டையை மடியில் வைத்து, படிக்குப் படி உட்கார்ந்தே ஏற்றினார்.

"நீலக் கூண்டு எலியெல்லாம் சுருண்டு படுத்திருக்கே, என்னண்ணே?" என்றார் ஆய்வாளரம்மா.

"வயசாகுதில்லம்மா."

"அதுக்குத்தானே மருந்து. எல்லாக் கூண்டுக்கும் தீனியை ரெண்டு மடங்காக்குங்க."

ஆக்கினார். தனக்கும். மூட்டைகள் பறந்தன. மூன்றாவது வாரம் மூட்டையைத் தோளில் போட்டு, பாட்டை முணுமுணுத்தபடி படியேறினார். மருந்து பிடித்துக்கொண்டதென்று ஒரே பூரிப்பு.

சோதனையன்று மூட்டையை மேல்தட்டில் வைத்துவிட்டு, "இன்னொண்ணு இருக்கா சார்?" என்று வேறு கேட்டார். அதிகாரி கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

ஆய்வாளரம்மாவுக்குத்தான் கண் கலங்கியது. "இந்த ஆப்பிள் தோல் எதுக்கும் பிரயோஜனமில்லண்ணே. ஆராய்ச்சியையே விட்டுடலாம்னு இருக்கேன்."

எலியண்ணனுக்கு மனசு கேட்கவில்லை. வேலை போனால் போகட்டும். "விடாதீங்கம்மா. அந்த மாவை ஒரு மாசமா நான்தான் தின்னேன். இங்க பாருங்க," என்று கையை மடக்கிப் புஜத்தைக் காட்டினார்.

தரை துடைத்துக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்தாள்.

"அண்ணே, நீங்க கை வைக்கிறதுக்கு முன்னாடியே அதுல இருந்தது எங்க வீட்டுக் கோதுமை மாவு. மருந்து மாவை முட்டி வலின்னு புலம்பின எங்க மாமியாருக்குக் கொடுத்துட்டேன். இப்ப அவங்க பீரோவையே தனியா நகர்த்துறாங்க, எனக்குத்தான் எதிர்த்துப் பேசப் பயமா இருக்கு."