ஆபத்தில்லாத பிரிவு

"நம்மளத் தூக்குனவரு விழுந்தா, அவர யாருப்பா தூக்குவா?"

ஆறு வயதில் மகள் கேட்ட கேள்வி. பெருவெள்ளத்தின்போது பாராசூட்டில் வந்திறங்கிய சிப்பாய் ஒருவர், அவளைத் தோளில் ஏற்றிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் நடந்தார். "கடவுள் பாத்துப்பாரும்மா" என்று அப்போதைக்குச் சொல்லிவைத்தார் அவள் அப்பா, தையல்காரர். அவர் மறந்துவிட்டார். அவள் மறக்கவில்லை.

பள்ளி இறுதித் தேர்வு முடிந்த மறுநாளே ராணுவ விண்ணப்பத்தை அவருடைய வெட்டுமேசைமேல் வைத்தாள்.

"எனக்கு இன்னும் பதினெட்டு ஆகலப்பா. உங்க கையெழுத்து வேணும்."

கத்தரிக்கோல் துணியை விட்டுவிட்டு விரலைப் பார்த்து நகர்ந்தது.

"சண்டைக்கு அனுப்பிட்டாங்கன்னா?"

"அனுப்பலாம், அனுப்பாமயும் இருக்கலாம். எந்தப் பிரிவுன்னு நீங்களே சொல்லுங்க. அதுலயே சேர்றேன்."

இவ்வளவு பணிவா! அசந்துபோனார். ஆபத்தே இல்லாத பிரிவாகப் பார்த்துத் தள்ளிவிட்டால் தீர்ந்தது. சாமியைக் கும்பிட்டுவிட்டு ஆள்சேர்ப்பு அலுவலகத்துக்கு ஓடினார்.

"டிரைவர் வேலை எப்படிங்க?"

குமாஸ்தா கண்ணாடியைத் துடைத்தார். "கண்ணிவெடி எங்க இருக்குன்னு முதல்ல கண்டுபிடிக்கிறதே எங்க டிரைவருங்கதாங்க."

மறுநாள்: "சமையல்?"

"படை எங்கயோ அடுப்பு அங்க. புகையப் பாத்தா குண்டு தேடி வரும்."

மூன்றாம் நாள்: "ஆஸ்பத்திரி?"

"அடிபட்டவன் கிடக்குற இடத்துக்குத்தானே போகணும்?"

ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு சுற்று இளைத்தார். தன் சட்டையைத் தானே பிடித்துத் தைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. தைக்கும்போதுதான் பொறி தட்டியது.

"தையல்காரங்க உண்டா?"

"உண்டே!" என்று சொல்லிவிட்டு குமாஸ்தா ஏனோ நெடுநேரம் இருமினார்.

மகள் முகம் வாடியது. "துப்பாக்கி பிடிக்கலாம்னு பாத்தா ஊசியா? சரி, உங்களுக்காகப்பா."

தையல்காரருக்குக் கண் கலங்கியது. ஒரு வாரம் உட்கார்ந்து, தனக்குத் தெரிந்த இரட்டைத் தையலை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தார்.

கையெழுத்துப் போட வந்த அன்று, பேனாவைத் திறந்தபடி சும்மா கேட்டார். "உடுப்புதானே தைப்பாங்க?"

"உடுப்பெல்லாம் வெளிய குடுத்துருவோம். இவங்க பாராசூட். தைச்சவங்களே அத மாட்டிக்கிட்டு விமானத்துலேர்ந்து குதிச்சுக் காட்டணும். எங்க வழக்கம்."

பேனா உருண்டு விழுந்தது. "ஐயோ! நானே தள்ளிவிட்டுட்டேனே!"

"நீங்க எங்கங்க தள்ளினீங்க? போன மாசமே உங்க பொண்ணு வந்துச்சு. 'தூக்குறவங்கள யாரு சார் தூக்குவா'ன்னு கேட்டுச்சு. பாராசூட் தைக்கிறவங்கன்னேன். 'அப்ப அதுதான் சார். எங்கப்பா நாலு நாள் அலைஞ்சுட்டு அவரே வந்து தையல்னு சொல்லுவாரு, அதுவரைக்கும் வாயத் திறக்காதீங்க'ன்னுட்டுப் போயிருச்சு!"

சேர்க்கைத் தேர்வுக்காக அவள் இரட்டைத் தையலில் தைத்துக் கொடுத்திருந்த மாதிரித் துணியை அவர் முன்னால் வைத்துவிட்டு, முத்திரை எடுக்க உள்ளே போனார் குமாஸ்தா.

அறையில் யாருமில்லை. தையல்காரர் துணியை இரு கைகளாலும் இழுத்தார். காலில் மிதித்துக்கொண்டு இழுத்தார். ஒரு நூல் அசையவில்லை. பதினோரு வருடத்துக்கு முந்தைய ஒரு நனைந்த தோள் நினைவுக்கு வந்தது. அன்று அந்தச் சிப்பாயின் பேரைக்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை.

"இந்தாங்கய்யா" என்று காலி நாற்காலியிடம் மெல்லச் சொன்னார். குனிந்து பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார்.