கேட்டு மாமாவும் ஏழு வருடச் சார்டினும்

ரயில் போய் முடிந்த பிறகும் உலகத்தை நிறுத்தி வைக்கத் தெரிந்தவர் மலாக்கா மாநிலத்திலேயே ஒருவர்தான். அவர் ரயில்வே கேட்டைத் திறந்து மூடும் எங்கள் கேட்டு மாமா.

தொண்ணூறுகளில் நான் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டிக்கொண்டிருந்தேன். புலாவ் செபாங் ஊர்த் தண்டவாளத்தைத் தாண்டித்தான் எண்ணெய் ஆலைக்குப் போகவேண்டும். காலைப் பனியில் கேட்டின் சிவப்பு விளக்கு மட்டும் தனியாக மிதக்கும். ரயில் வரும், போகும். கேட்டு திறக்காது. பனிக்குள்ளிருந்து மாமா என் ஜன்னலுக்கு வருவார்.

"தம்பி, கடவுள் காலத்தை ஏழு யுகமா பிரிச்சிருக்காரு. நாம இப்ப ஆறாவதுல நிக்கிறோம்."

"மாமா, ரயிலு போயிருச்சு..."

"பொறு லா. இன்னும் மூணாவதையே சொல்லி முடிக்கல."

பின்னால் ஹாரன்கள் அலறும். எனக்கு எதிர்த்துப் பேச வராது. அதனால்தான் என் ஜன்னலாகப் பார்த்து வந்தாரோ என்னவோ.

பெரிய காய்ச்சல் ஒன்றில் பிழைத்தெழுந்து கிறிஸ்தவ வேதக்காரர் ஆனவர் மாமா. அத்தை மாறவில்லை. வெள்ளிக்கிழமை முருகன் படத்துக்கு விளக்கேற்றுவார். சனிக்கிழமை, மாமா மறுநாள் சபைக்குப் போடும் சட்டைக்கு இஸ்திரி போடுவார். சண்டையே கிடையாது. அதைக் கொண்டுவந்தது இந்த யுகக் கணக்குதான்.

ஆறாவது யுகம் முடியும்போது விசுவாசிகள் திடீரென்று மேலே எடுத்துக்கொள்ளப்படுவார்கள், மிச்சப்பேருக்குப் பூமியில் ஏழு வருடம் உபத்திரவம் என்று பாஸ்டர் சொல்லியிருந்தார். மறுநாளே மாமா சார்டின் மீன் டின் வாங்க ஆரம்பித்தார். அப்புறம் அரிசி, மண்ணெண்ணெய், தீப்பெட்டி. கட்டிலுக்கு அடியில் இடம் போதாமல் கட்டிலே உயர்ந்தது. கடைத் திறப்பு விழா எப்போது என்று பக்கத்து வீட்டில் கேட்டார்கள்.

"யாருக்குங்க இவ்வளவு சார்டினு?" என்றார் அத்தை.

"உனக்குத்தான். நான் போயிட்டா நீ என்ன சாப்பிடுவ?"

"எங்க போறீங்க?"

மாமா கூரையைக் காட்டினார்.

"என்னை விட்டுட்டா?"

"நீயும் வந்துடேன்."

"சார்டினுக்குப் பயந்துகிட்டு நான் முருகனை விடணுமா?"

அன்றிலிருந்து அத்தை பேசவில்லை. சோற்றை மூடி வைத்துவிட்டுப் போய்விடுவார். மாமா இளைத்துப் போனார். கேட்டுகூடச் சீக்கிரமாகத் திறந்தது.

வீட்டில் வேதப்பாடம் நடத்த ஒரு விளக்கவுரை வாங்கிக்கொள்ளும்படி பாஸ்டர் சொல்லியிருந்தார். இந்த ஏழு யுகக் கணக்கை எல்லாப் போதகர்களும் ஒத்துக்கொள்வதில்லை என்று வேறு சபைக்காரர் ஒருவர் கேட்டில் நின்றபோது சொன்னார். மாமாவுக்குத் தூக்கம் போனது. எந்தப் புத்தகத்தை வாங்குகிறாரோ அதைத்தான் கடைசிவரை நம்புவது என்று தீர்மானித்துவிட்டார். லீவு நாளில் என் மோட்டார் சைக்கிளில் மலாக்கா டவுனுக்குப் போனோம்.

கடையில் ஒவ்வொரு தடிப் புத்தகமாக எடுத்து, மேலே எடுத்துக்கொள்ளப்படுவதைச் சொல்லும் அதே அதிகாரத்தைத் திறந்து, விரல் வைத்துப் படித்தார்.

"என்ன தேடுறீங்க அங்கிள்?" என்றாள் கடைப் பெண்.

"இந்த ஆளு பொஞ்சாதிய என்ன பண்றாருன்னு பாக்குறேம்மா."

அவள் என்னைப் பார்த்தாள். நான் அலமாரியைப் பார்த்தேன்.

ஒன்றில் ஏழு யுகமும் ஏழு நிறத்தில் படமாக மடித்து வைத்திருந்தது. மாமா அதைத் தடவிக்கொண்டே வெகுநேரம் நின்றார். பிறகு மூடினார். "படம் அழகுதான். ஆனா அவசரக்காரரு. பாதிக் குடும்பத்த ஏத்திகிட்டு வண்டிய எடுத்துடறாரு."

அடுத்தது படமில்லாத சாம்பல் அட்டை. "இவரு யாரையும் முன்கூட்டி ஏத்தல. விசுவாசியும் உபத்திரவத்துல இங்கதான் கிடக்கணுமாம்."

"அது மோசமில்லையா மாமா?" நானாக அவரிடம் கேட்ட முதல் கேள்வி அது.

"மோசந்தான். ஆனா அவகூட இருப்பேனே லா."

திரும்பும் வழியெல்லாம் செம்பனைகள் புகைபோல நகர்ந்தன. மாமா அந்தச் சாம்பல் அட்டைப் புத்தகத்தை மடியில் பிடித்துக்கொண்டே வந்தார்.

வீட்டில் அதை மேசையில் வைத்தார். "உபத்திரவம் வந்தா நானும் இங்கதான் இருப்பேன். புக்குல போட்டிருக்கு."

அத்தை புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். கட்டிலுக்கு அடியில் பார்த்தார்.

"அப்ப ரெண்டு பேருக்கு இந்தச் சார்டின் பத்தாதே?"

அன்று மூன்று டின் திறந்தார். வெங்காயம் போட்டுப் பிரட்டி எனக்கும் ஒரு தட்டு வைத்தார்.

அந்தக் கேட்டில் இப்போது மாமா இல்லை. ஆனாலும் எங்காவது ரயில்வே கேட்டு மூடியிருந்தால் நான் எஞ்சினை அணைத்துவிடுகிறேன். ஜன்னல் கண்ணாடியையும் இறக்கி வைக்கிறேன்.