பெரியவள் ஸ்டேஷனில் ரயில் விழுகிற விஷயம்

மரியாதைக்கும் பிரியத்துக்கும் உரிய பெரிய மாப்பிள்ளை அவர்களுக்கு, மாமியார் எழுதிக்கொண்டது. இங்கே என் முழங்கால் இரண்டும் நீங்கலாக எல்லாம் சௌக்கியம். அங்கே எல்லோரும் முழங்கால் உட்பட சௌக்கியமாக இருக்க வேண்டும்.

முதலில் சந்தோஷ சமாச்சாரங்கள். பெரிய பேத்தி நீச்சலில் முதலாவதாக வந்து கோப்பை வாங்கியிருக்கிறாள், கணக்கில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு, அந்த இரண்டு மார்க்கும் திருத்தினவர் கவனக்குறைவு. பேரன் கையெழுத்துப் போட்டியில் பரிசு வாங்கி, வகுப்புத் தலைவனாகவும் ஆகியிருக்கிறான். என் மகன் வீட்டுக் குட்டி பத்தாம் மாதமே நடந்து, இப்போது போனில் பதினாலு மிருகம் மாதிரிக் கத்துகிறாள். முதல் இரண்டும் நீங்கள் பெற்ற பிள்ளைகள், உங்களுக்குத் தெரியாததில்லை. ஆனால் இந்தத் தெருவில் சொல்ல வேண்டியவர்களுக்கெல்லாம் சொல்லியாகிவிட்டது. பால்காரர் இப்போதெல்லாம் மணியை அடித்துவிட்டு நான் கதவைத் திறப்பதற்குள் போய்விடுகிறார்.

நிற்க. பின் அறையை ஒரு நர்ஸம்மாவுக்கு வாடகைக்கு விடுவது என்று நீங்களும் என் பெண்ணுமாக முடிவு செய்து போனில் சொன்னீர்கள். போனில் எனக்குப் பதில் பேச வரவில்லை, அதனால் எழுதுகிறேன். அந்த அறை காலியாக இல்லை. அதில் ரயில் ஓடுகிறது.

போன லீவுக்கு நீங்கள் வருவீர்கள் என்று என் மகன் பேரனுக்காக ஒரு பொம்மை ரயில் பெட்டி அனுப்பிவைத்தான் அல்லவா, நீங்கள் வரவில்லை, அது பிரிக்காமலே அலமாரி மேல் இருந்தது. எலி புகுந்திருக்குமோ என்று ஒருநாள் பிரித்தேன், பிரித்ததைச் சும்மா வைப்பானேன் என்று தரையில் தண்டவாளத்தைப் பூட்டிச் சுவிட்சைத் தட்டினேன், அது பாட்டுக்குக் கிளம்பி அலமாரியைச் சுற்றிக்கொண்டு என் காலடிக்கே வந்து நின்றது. இந்த வீட்டிலிருந்து கிளம்பிப் போனதில் சொன்ன நேரத்துக்குத் திரும்பி வந்தது அது ஒன்றுதான். அன்றைக்கு இருபது தடவை அனுப்பினேன். மறுநாள் அடுத்த தெரு ரிட்டயர்டு ஸ்டேஷன் மாஸ்டரைக் கூப்பிட்டுக் காட்டினேன், அவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் தரையில் உட்கார்ந்துவிட்டார். நிஜமாக இருக்கிற ஒரு லைனைப் பார்த்து அப்படியே கட்டுவது ஒரு வழியாம், நாமே ஒரு லைனை இஷ்டத்துக்குக் கற்பனை பண்ணிக்கொள்வது இன்னொரு வழியாம். அவருக்கு முதல் வழிதான் கௌரவம். நானும் ஐந்தாம் வகுப்புக் கணக்கை வைத்துப் போட்டுப் பார்த்தேன். இந்த வண்டி நிஜ வண்டியில் எண்பத்தேழில் ஒரு பங்கு. உங்கள் ஊர் இங்கிருந்து அறுநூறு கிலோமீட்டர், எண்பத்தேழால் வகுத்தால் ஏழு கிலோமீட்டருக்குப் பக்கமாக வருகிறது. அறை பத்தடிக்குப் பன்னிரண்டடி. தவிர, நிஜ லைனில் உங்கள் ஊருக்குப் போகிற வண்டி என் மகன் ஊருக்குப் போகாது. அதனால் லைன் என்னுடையது என்று சொல்லிவிட்டேன். என் லைனில் முதலில் நான், அடுத்தது மகன், அதற்கடுத்தது என் பெண் பெரியவள், உடனே திரும்ப நான். நடுவே எங்கேயும் மாறி ஏற வேண்டாம்.

தச்சர் வந்து நாலு சுவரோரமும் இடுப்பு உயரத்துக்குக் கால் கொடுத்துப் பலகை போட்டார். பலகை என் கை எட்டுகிற அகலம்தான் இருக்கலாம், இல்லாவிட்டால் மூலையில் விழுந்த வண்டியை எடுக்க முடியாது என்பது மாஸ்டர் உத்தரவு, என் கையைச் சுவரோடு நீட்டி வைத்தே அளந்தார்கள். வாசற்படிக்குக் குறுக்கே மட்டும் எடுத்து மாட்டுகிற பலகை. எல்லாம் சரி, உங்கள் ஸ்டேஷனில்தான் தகராறு. நீங்கள் வந்தால் படுக்கிற பெரிய கட்டில் அந்த மூலையில் இருக்கிறது, பலகை அதைச் சுற்றி முழங்கை மாதிரி மடங்குகிறது, அந்த மடக்கில் வண்டி ஒவ்வொரு தடவையும் கவிழ்கிறது. கட்டிலை எடுத்துவிடலாம் என்றார் தச்சர். லீவு தோறும் விரிப்பு மாற்றுகிற கட்டிலய்யா அது, தொடாதே என்றேன். மாஸ்டர் யோசித்துவிட்டுச் சொன்னார், "அப்போ பெரியவளை இன்னும் கொஞ்சம் தள்ளி வைங்கம்மா. வளைவு சரியாயிடும்."

"இன்னும் எங்கே மாஸ்டர் தள்றது?"

அவர் டீயைக் குடித்தார்.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமை. என் பெண் பதினோரு தடவை போன் பண்ணியும் நான் எடுக்கவில்லை என்று அங்கே நீங்கள் கலங்கிப் போனது வாஸ்தவம்தான். நான் விழவும் இல்லை, மயங்கவும் இல்லை. ரயில் அறைக்குள் இருந்துகொண்டு வாசல் பலகையை மாட்டினேன், ஈரத்தில் ஊறி அது இறுகிக்கொண்டது, எடுக்க வரவில்லை, குனிந்து போக முழங்கால் விடவில்லை, போனோ அடுப்பங்கரையில். அடித்த பதினோரு தடவையும் கேட்டுக்கொண்டுதான் நின்றேன். "வர்றேண்டி, வர்றேண்டி"ன்னு இங்கேருந்து கத்தினா அவளுக்கா கேக்கப்போகுது. சும்மா நிற்பானேன் என்று வண்டியை உங்கள் ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன், அது விழ விழ எடுத்து வைத்தேன். நீங்கள் மாஸ்டருக்குப் போன் பண்ணி, அவர் தச்சரைக் கூட்டிவந்து, நல்ல பூட்டை உடைத்து இரண்டு பேரும் உள்ளே ஓடிவந்தபோது நான் கையில் எஞ்சினோடு நின்றேன். மூணு பேருக்கும் சிரிக்கவும் முடியலை, திட்டவும் முடியலை.

அதற்குப் பிறகுதான் இந்த நர்ஸம்மா யோசனை. வயசான காலத்தில் தனியாக இருக்க வேண்டாம், துணைக்கு ஆள் ஆச்சு என்கிறீர்கள். நல்ல எண்ணம், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் மாப்பிள்ளை, மனசில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன், கோபிக்கக் கூடாது. அந்த அறையில் ஒருத்தி குடியிருந்தால், அங்கே போனால் எங்கே படுப்பது என்று உங்களுக்கு ஒரு காரணம் கிடைத்துவிடும். இத்தனை நாள் நீங்கள் வராததற்கு லீவு இல்லை, டிக்கெட் இல்லை என்பதெல்லாம் உங்கள் பக்கத்துக் காரணம். இடம் இல்லை என்பது மட்டும் என் பக்கத்துக் காரணமாக ஆகிவிடும். அதை நான் ஏற்பதாக இல்லை. கட்டில் இருந்த இடத்தில்தான் இருக்கும், நர்ஸம்மாவை வேறு வீடு பார்க்கச் சொல்லிவிடுங்கள். இது முடிவு.

குழந்தைகள் இன்னும் உயரமாக வளரட்டும். என் பெண் வேளைக்குச் சாப்பிடட்டும். உங்களுக்கு லீவு கொடுக்கிற மேலதிகாரி தீர்க்காயுசாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மாமியார்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் அந்த நர்ஸம்மா நேரிலேயே வந்துவிட்டாள். இல்லை என்று சொல்லத்தான் வாய் திறந்தேன். அவள் அறை வாசலிலேயே நின்று பலகையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். "இந்த வண்டி எங்க ஊருக்குப் போகுமாம்மா?" என்று கேட்டாள். எந்த ஊர் என்றேன், சொன்னாள், அவள் பெண் குழந்தை அங்கே அவள் அம்மாவிடம் இருக்கிறதாம், யூ.கே.ஜி. படிக்கிறதாம். போகாது என்று சொல்ல எனக்கு வரவில்லை. லைன் என்னுடையதுதானே. அவளுக்குப் பின் அறையை அல்ல, நான் படுக்கிற என் அறையைக் கொடுத்துவிட்டேன். நீங்கள் சொன்னதற்காக இல்லை. மறுநாளே பெரிய கட்டிலைத் தச்சர் கழற்றி ஹாலில் போட்டார், இனி நான் அதில். மூலை காலியானதும் மாஸ்டர் தண்டவாளத்தை அகல வளைத்துவிட்டார், வண்டி உங்கள் ஸ்டேஷனில் விழாமல் நிற்கிறது. அதற்கு முந்தினது நர்ஸம்மா ஸ்டேஷன். நீங்கள் வந்தால் பலகைக்கு அடியில் நாலு பேர் தாராளமாகப் படுக்கலாம், நான் படுத்தே பார்த்தேன், எழுப்பிவிடத்தான் நர்ஸம்மா வர வேண்டியிருந்தது. பிளாட்பாரத்தில்தான் ஆள் இல்லை. அட்டையில் வெட்டி நிறுத்தலாம் என்றால் என்னிடம் உள்ள படத்தில் பேரன் இன்னும் இடுப்பில் இருக்கிறான், வகுத்தால் கடுகளவு வருகிறான். நாலு பேரும் சுவரோரம் செருப்பில்லாமல் நின்று, கால் தெரிகிற மாதிரி புதிதாக ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். போனில் வேண்டாம், தபாலில். அது வருகிற வரைக்கும் வண்டியை உங்கள் ஊரிலேயே நிறுத்தி வைத்திருக்கிறேன்.