குங்குமப் பொட்டலமும் பூஸ்ட் கட்டுப்பாடும்

மலை ஏறும்போது காது அடைத்தால் வாயைத் திறக்கச் சொல்வார்கள். எல்லோருக்கும் பொருந்துகிற யோசனை அல்ல.

சிலமலையிலிருந்து போடிமெட்டுக்குப் பெண் பார்க்கப் புறப்பட்ட காலை, அம்மா ஒரே நிபந்தனைதான் விதித்தார். "அந்த வீட்டுக்காரங்க முன்னால வாயத் தெறக்காத. போன ரெண்டு எடமும் ஒன் பேச்சாலதான் போச்சு." (உண்மை. ஓரிடத்தில் மழைமானி பற்றியும், இன்னோரிடத்தில் அச்சு மை பற்றியும் விளக்கியிருந்தேன்.) நான் பத்திரிகையில் துணை ஆசிரியர். அந்த வாரம் பழைய விமான எஞ்சின்கள் பற்றிய கட்டுரை ஒன்றைத் திருத்தியிருந்தேன். தலை நிறைய அதுதான்.

எங்களை அழைத்துப்போகப் பெண்ணின் சித்தப்பா வெள்ளை வேட்டி சட்டையில், தன் பழைய ஜீப்போடு வந்திருந்தார். பாதி மலையில் ஜீப்பு திணறத் தொடங்கியது.

"மேல போகப் போக வண்டிக்கு மூச்சு வாங்குது மாப்ளே."

அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டேன். "காத்து மெலிசாகுதுல்ல மாமா, அதான். அந்தக் கால விமானத்துல இதுக்குன்னே சூப்பர்சார்ஜர்னு ஒண்ணு உண்டு. காத்த அமுக்கி எஞ்சினுக்கு ஊட்டும். ஆனா தரைக்குப் பக்கத்துல காத்து கெட்டி. அங்கன வச்சு பைலட்டு முழுசா முடுக்குனா எஞ்சின் செதறிரும். அதத் தடுக்கத்தான் பூஸ்ட் கட்டுப்பாடு."

"பால்ல கலக்குறதா?"

அம்மா என் தொடையைக் கிள்ளினார். நிறுத்தியிருக்கலாம். ஆனால் அவர் மடியிலிருந்த தாம்பாளத்தில் குங்குமப் பொட்டலம் கண்ணில் பட்டது. ஊரில் தட்டையாக இருந்த பிளாஸ்டிக் உறை, உயரம் ஏற ஏறத் தலையணைபோல் உப்பியிருந்தது.

"இந்தா பாருங்க! இதே மாதிரி மூடுன டப்பி ஒண்ணு அதுக்குள்ள இருக்கும். காத்தழுத்தம் கொறஞ்சா உப்பி, காத்து போற வழியத் தெறந்துவிடும். அழுத்தம் கூடுனா சுருங்கி, வழிய அடச்சிரும். பைலட்டு எவ்வளவு முடுக்குனாலும் மிஞ்ச விடாது."

"மிஞ்சுனா?"

"இப்படித்தான்," என்று பொட்டலத்தை அமுக்கினேன்.

ஜீப்புக்குள் சிவப்பு மேகம். சித்தப்பா தும்மிக்கொண்டே பிரேக்கை மிதித்தார். துண்டை நனைத்துத் துடைத்தோம். அதுவரை குங்குமமாக இருந்தது, அதன் பிறகு ரத்தமாகத் தெரிந்தது.

பெண் வீட்டு வாசலில் இறங்கியதும் அவளுடைய அம்மா அலறினார். "ஆத்தாடி, ஜீப்பு கவுந்துருச்சே! வெரசா தண்ணி கொண்டாங்க!"

"ஒண்ணுமில்ல மதினி," என்றார் சித்தப்பா. "மாப்ள ஏரோப்ளேன் ஓட்டிக் காட்டுனாரு."

என் அம்மா தாம்பாளத்தோடு திரும்பப் போவதற்கே தயாராகிவிட்டார். தண்ணீர்ச் செம்போடு வந்த பெண், நடந்ததைச் சித்தப்பாவிடம் முழுக்கக் கேட்டாள். பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"பைலட்ட அடக்க டப்பி இருக்கு, சரி. இவர அடக்க?"

சித்தப்பா இன்னொரு முறை தும்மினார்.

"அந்தச் சோலிய நானே பாத்துக்குறேன்," என்று செம்பை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். அது சம்மதம் என்பது கடைசியாகப் புரிந்தது எனக்குத்தான்.

இன்றும் விருந்தாளிகளிடம் நான் எதையாவது விளக்கத் தொடங்கினால், அடுப்படியிலிருந்து அவள் குரல் வரும்: "பொட்டலம் உப்புது போலயே?"

சித்தப்பாவும் இருந்துவிட்டால், சட்டையை ஒருமுறை பார்த்துக்கொண்டு நாற்காலியைப் பின்னால் நகர்த்துவார்.