மாமனாரின் உதட்டுக்கு மேல் ஒரு வெள்ளைக் கோடு

பெண் கேட்க நினைக்கும் வீட்டுக்குப் பழம் கொண்டு போகலாம், முறுக்கு கொண்டு போகலாம். திறமையை மட்டும் கொண்டு போகக் கூடாது. நான் கொண்டு போனேன்.

அப்போது பிரிக்பீல்ட்ஸில் ஒரு சின்ன அச்சகத்தில் பக்க வடிவமைப்பாளனாக இருந்தேன். கல்யாண அட்டை, கோயில் திருவிழா நோட்டீஸ், காதுகுத்து பேனர் எல்லாம் என் கைவண்ணம். (கைவண்ணம் என்று நான்தான் சொல்லிக்கொள்வேன். முதலாளி ஜோசப் அண்ணே அதை ஒட்டுவேலை என்பார்.) கிள்ளானைச் சேர்ந்த கவிதாவும் நானும் கல்யாணம் செய்துகொள்வதென்று முடிவெடுத்திருந்தோம். கவிதாவின் அப்பா முத்தையா அங்கிள் மட்டும் இன்னும் முடிவெடுக்கவில்லை.

அங்கிள் துறைமுகத்தில் லோரிக்காரர்களை மேய்த்து ஓய்வு பெற்றவர். மீசை வைக்காதவர் என்பதைவிட மீசைக்கு எதிரானவர் என்றால் பொருந்தும். நான் முதன்முதலில் அவர் வீட்டுக்குப் போனபோது நல்ல அடர்த்தியான மீசை வைத்திருந்தேன். அவர் என் பெயரைக் கேட்கவில்லை, வேலையைக் கேட்கவில்லை. என் மூக்குக்குக் கீழேயே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "மீசை வச்சவன் வேலை செய்யமாட்டான் தம்பி. மீசையத்தான் பாத்துக்கிட்டு இருப்பான்" என்றார். அடுத்த முறை மழமழவென்ற முகத்தோடு போய் நின்றேன். காதலுக்காக உயிரைக் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். நான் கொடுத்தது மீசை.

அந்தச் சமயத்தில்தான் அங்கிளுக்கு அறுபதாம் கல்யாணம் வந்தது. அது நல்லபடியாக முடிந்த கையோடு எங்கள் பேச்சை எடுப்பதாகக் கவிதாவின் அம்மா சரோஜா ஆன்டி ரகசியமாகச் சொல்லியிருந்தார். நான் சும்மா இருந்திருக்கலாம். மண்டப வாசலில் வைக்கும் பெரிய பேனரை நானே செய்து தருகிறேன் என்று வாயை விட்டேன்.

செய்தேன். அங்கிளும் ஆன்டியும் ஜோடியாக நிற்கும் படம். அங்கிள் தலைக்குப் பின்னால் ஒரு தங்க ஒளி வைத்தேன். எழுத்துக்கு நிழல் வைத்தேன். நிழல் மெலிவாகத் தெரிந்ததால் அதற்கும் ஒரு நிழல் வைத்தேன். மென்பொருளில் என்னென்ன ஜிகினா உண்டோ அத்தனையும் அந்தப் பேனரில் ஏறியது. பிடிஎஃப் ஆக்கி அங்கிளின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பிவிட்டு, பாராட்டுக்காகக் காத்திருந்தேன்.

போன் வந்தது. "தம்பி, படம் நல்லாத்தான் இருக்கு. என் ஒதட்டுக்கு மேல என்னா அது கோடு?"

திறந்து பார்த்தேன். பேனரின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் முடி போல ஒரு வெள்ளைக் கோடு ஓடியது. ஆன்டி உயரம் குறைவு என்பதால் கோடு அவர் தலைக்கு மேலேயே போய்விட்டது. அங்கிளுக்குத்தான் சரியாக மூக்குக்கும் வாய்க்கும் நடுவில். அறுபது வருஷமாகக் கோடு விழாத முகம், நல்ல காரியத்துக்குச் செய்யும் பேனரில் இப்படி வெட்டுப்பட்ட மாதிரி இருந்தால் சொந்தக்காரர்கள் என்ன சொல்வார்கள் என்று கேட்டார். சின்ன விஷயம் அங்கிள், உடனே சரி பண்ணிடுறேன் என்றேன்.

ஜோசப் அண்ணே குடும்பத்தோடு லங்காவிக்குப் போயிருந்தார், போனை எடுக்கவில்லை. ஆகவே நானே களத்தில் இறங்கினேன். முதலில் திரையைத் துடைத்தேன். மூக்குக்கண்ணாடியையும் துடைத்தேன். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன். மென்பொருளையே கழற்றிவிட்டு மறுபடியும் ஏற்றினேன். செந்தூலில் இருந்த நண்பன் ஒருவன் கிராபிக் கார்டு போயிருக்கும் என்றான், இன்னொருவன் வைரஸ் என்றான். பக்கத்து மேசைத் திரையைப் பிடுங்கி மாட்டிப் பார்த்தேன், கோடு அங்கேயும் வந்து உட்கார்ந்துகொண்டது. கடைசியில் மெனுவில் கண்ணில் பட்ட கட்டங்களை எல்லாம் டிக் அடித்தேன். எது எதற்கு என்று எனக்குத் தெரியாது. (அதிகம் படித்தால் குழப்பம்தானே?)

கோடு மட்டும் அசையவில்லை. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன், அங்கிளின் மூக்கு பூசணிக்காய் அளவுக்கு வந்தும் கோடு அதே முடி அளவில்தான் இருந்தது. கொஞ்சம் மூளை உள்ளவன் அங்கே நின்று யோசித்திருப்பான். எனக்குக் கோபம் வந்தது. கோட்டை மறைத்துவிட்டால் தீர்ந்தது என்று முடிவு செய்தேன். கல்யாண அட்டைக்கென்று வைத்திருந்த ஒரு பழுப்பு நிறம் அங்கிளின் மாநிறத்துக்கு அப்படியே பொருந்தியது. அதை எடுத்து உதட்டுக்கு மேலே ஒரு பட்டை போட்டேன். விளிம்பு தெரியக் கூடாதென்று இரண்டு முனைகளையும் மெல்லக் கூராக்கி, கன்னத்தின் வளைவோடு கொஞ்சம் மேலே தூக்கியும் விட்டேன். கோட்டின் மிச்சப் பகுதி வெறும் பின்னணியில்தான் ஓடியது, அதை யார் பார்க்கப் போகிறார்கள்?

திரையில் துளிகூடத் தெரியவில்லை. அங்கிளுக்கு அனுப்பினேன். கட்டை விரல் வந்தது. அந்த மனிதர் எனக்கு அனுப்பிய முதல் கட்டை விரல். கவிதாவிடம் காட்டிப் பெருமைப்பட்டேன். கோப்பை நேராகக் கிள்ளானில் பேனர் அடிக்கும் கடைக்கு அனுப்பினேன். அவர்களே அடித்து, விடிவதற்குள் மண்டப வாசலில் கட்டிவிடுவதாகச் சொன்னார்கள்.

காலையில் பட்டு வேட்டி கட்டிக்கொண்டு கிள்ளானுக்குக் கம்யூட்டர் என்கிற புறநகர் ரயில் ஏறினேன். மண்டப வாசலில் பத்துப் பதினைந்து பேர் அண்ணாந்து நின்றார்கள். அடடா, நம் வேலையைத்தான் ரசிக்கிறார்கள் என்று நடையைக் கொஞ்சம் கம்பீரமாக்கிக்கொண்டு போனேன். நானும் அண்ணாந்தேன்.

மேலே முத்தையா அங்கிள் மீசையோடு நின்றார். அதுவும் லேசான மீசை இல்லை. இரண்டு பக்கமும் முறுக்கி மேலே தூக்கிவிட்ட, ஒரு முழ அகல மீசை.

ஜோசப் அண்ணே அன்றைக்குப் பார்த்துப் போனை எடுத்தார். மண்டபத்துக்குப் பின்னால், அண்டாக்களுக்கு நடுவில் நின்று விஷயத்தைச் சொன்னேன். அவர் ரொம்ப நேரம் சிரித்துவிட்டுத்தான் பேசினார். "டேய், பெருசாக்கிப் பாக்கும்போது கோடு தடிக்கலன்னா அது கோடே இல்லடா. நெழலு, ஒளின்னு நீ அடுக்குனதை மென்பொருள் துண்டு துண்டா சேத்து வைக்குது, அந்தத் தையல்தான் திரையில தெரியுது. அச்சுல வரவே வராது."

ஆமாம், கோடு அச்சில் வரவில்லை. வந்தது என் பட்டை. நான் டிக் அடித்த கட்டங்களில் ஒன்று, மேலே இருக்கும் நிறம் கீழே இருப்பதை மறைக்காமல் அதன் மேலேயே ஏறி அச்சாக வேண்டும் என்று சொல்லும் கட்டமாம். திரை அதைக் காட்டாதாம். மாநிறத்தின் மேல் பழுப்பு ஏறினால் கருத்துப்போகும் என்பதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மாமனார் தேவைப்பட்டார்.

திரும்பி வந்தபோது அங்கிள் பேனருக்குக் கீழே மாலையோடு நின்றுகொண்டிருந்தார். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் மெதுவாக, "உன் மீசைய எடுக்கச் சொன்னதுக்குப் பழி வாங்கிட்டே இல்ல?" என்றார்.

கணினிக் கோளாறு அங்கிள் என்றேன். கணினிக்குத் தன்மேல் என்ன விரோதம் என்று கேட்டார். போச்சு, கல்யாணம் போச்சு, கவிதா போச்சு என்று நினைத்தேன். பேனரை இறக்கு என்றார். ஏணியைத் தேடிப் பிடித்து, பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினேன். முதல் கயிற்றை அவிழ்த்த நேரத்தில் சரோஜா ஆன்டி கூறைப்புடவையில் வெளியே வந்தார். பேனரைப் பார்த்தார். அங்கிளைப் பார்த்தார். மறுபடியும் பேனரைப் பார்த்தார். கல்யாணப் பெண்ணுக்கு வரவேண்டிய வெட்கம் அப்போதுதான் அவர் முகத்தில் வந்தது.

"இருக்கட்டும் லா" என்றார். "கல்யாணம் ஆன நாள்லேர்ந்து கேட்டுக்கிட்டு இருக்கேன், ஒரு தடவ வச்சுக் காட்டுங்கன்னு. இப்பவாச்சும் பாத்தேன்."

கூட்டம் சிரித்தது. அங்கிள் சிரிக்கவில்லை. ஆனால் உதட்டுக்கு மேலே ஒரு விரலால் தடவிப் பார்த்துக்கொண்டார். பிறகு ஏணியில் நின்ற என்னைப் பார்த்து, "அவுத்தத கட்டு" என்றார். கட்டினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு இறுக்கமாக எந்த முடிச்சையும் போட்டதில்லை, கவிதாவுக்குத் தாலி கட்டியபோதுகூட.

இப்போது வீட்டில் நான் எதையாவது குறை கண்டுபிடித்தால் கவிதா, "பெருசாக்கிப் பாத்தீங்களா, தடிக்குதா?" என்று கேட்பாள். பெரும்பாலும் தடிக்காது. அங்கிளோ அந்த மாதமே மீசை வளர்க்க ஆரம்பித்துவிட்டார். பேனரில் இருந்த அதே மீசை, அதே முறுக்கு. தினமும் காலையில் கண்ணாடி, சீப்பு, சின்னக் கத்தரி சகிதம் உட்கார்ந்தால் கோப்பி ஆறிப்போகும் வரை எழுந்திருக்க மாட்டார். வாசல் குழாய் ஒழுகுகிறது என்று ஆன்டி எத்தனை முறை கூப்பிட்டாலும் காதில் விழாது. மீசை வைத்தவன் வேலை செய்ய மாட்டான் என்று அவர் அன்றைக்குச் சொன்னது சத்தியம்.

போன தீபாவளிக்கு நானும் லேசாக வளர்த்துக்கொண்டு கிள்ளானுக்குப் போனேன். அங்கிள் கதவைத் திறந்தார். என் பெயரைச் சொல்லவில்லை, வா என்று சொல்லவில்லை. என் மூக்குக்குக் கீழேயே பார்த்துக்கொண்டு தன் மீசையை ஒரு முறுக்கு முறுக்கினார்.

"ஒரு வீட்டுக்கு ஒன்னு போதும் மாப்ளே" என்றார். "போய் எடுத்துட்டு வாங்க, சாப்பிடலாம்."