பேசினுக்கடியில் எழுந்தருளிய நீல நாற்காலி

இராஜபாளையம்,
ஞாயிற்றுக்கிழமை.

பெருமதிப்பிற்குரிய மூத்த மச்சான் சூர்யபிரகாஷ் அவர்களுக்கு, தங்கள் தங்கை கணவன் சங்கரலிங்கம் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

இங்கு நானும் தங்கள் தங்கை அனுசியாவும் தங்கள் மருமகள் வல்லியும் சுகம். எங்கள் குளியலறைக்குத்தான் சுகமில்லை. ஓசூரில் தாங்களும் அக்காவும் சுகமாக இருக்க ஆண்டாளை வேண்டுகிறேன். போனில் சொல்லலாம் என்று மூன்று முறை கூப்பிட்டேன். முதல் வாக்கியத்திலேயே சிரிக்க ஆரம்பித்து, புரையேறி, "பொறவு பேசுதேன் மாப்ள" என்று வைத்துவிட்டீர்கள். கடிதத்தை அப்படி நடுவில் வைக்க முடியாது அல்லவா, அதனால்தான் ஸ்பீட் போஸ்ட்.

விஷயம் தாங்கள் அறிந்ததுதான். இரண்டரை வயது வல்லி டயாப்பர் இல்லாமல் இருக்கப் பழகினால்தான் ப்ளே ஸ்கூலில் வைத்துக்கொள்வார்கள். அவர்கள் வைத்துக்கொண்டால்தான் அனுசியா அடுத்த வாரம் லீவு முடிந்து ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் டைப்பிஸ்ட் வேலைக்குத் திரும்ப முடியும். இல்லையென்றால் வருகிற சனிக்கிழமை தாங்கள் காரில் வந்து, பிள்ளையை வத்திராயிருப்பில் அத்தை மாமாவிடம் கொண்டுபோய் விடுவதாக ஏற்பாடு. வத்திராயிருப்பு ஒன்றும் வெளிநாடு இல்லை, பஸ் ஏறினால் போய்விடலாம், எல்லாம் சரிதான். ஆனால் மில் விட்டு வீட்டுக்கு வரும்போது கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு "நான் இங்க இல்ல" என்று சொல்ல ஓர் ஆள் வேண்டாமா மச்சான்? அந்தக் குரல் இல்லாத வீட்டுக்கு என்னால் வர முடியாது. மில்லிலேயே பஞ்சு மூட்டை மேல் படுத்துக்கொள்வேன்.

தாங்கள் அன்போடு ஆன்லைனில் வாங்கி அனுப்பிய, ஏணி வைத்த டாய்லெட் சீட்டைத்தான் முதலில் மாட்டினோம். எங்கள் குளியலறை நாலடிக்கு ஐந்தடி. ஏணியை விரித்தால் வாளி வெளியே. வாளியை உள்ளே வைத்தால் பிள்ளை வெளியே. இரண்டையும் உள்ளே வைத்தால் நான் வெளியே நின்று கையை மட்டும் நீட்டிக் கழுவிவிட வேண்டும். சரி, இது ஆகாது என்று, ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பால்கோவா வாங்கப் போனவன் கார் மாதிரி ஒரு சீட்டை வாங்கி வந்தேன். ஸ்டியரிங் உண்டு, ஹாரன் உண்டு, சக்கரமும் உண்டு என்பதைத்தான் கவனிக்கவில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன், வல்லி வண்டியை எடுத்தாள், அது நேரே கதவுக்கும் கம்மோடுக்கும் நடுவில் போய்ச் சொருகிக்கொண்டது. எங்கள் கதவு உள்பக்கமாகத் திறப்பது. அரை மணி நேரம் அப்பனும் மகளும் உள்ளே. நான் கத்த, அவள் ஹாரன் அடிக்க, மாடியில் குடியிருக்கும் வீட்டுக்காரர் ராக்கப்பன் அண்ணாச்சி வந்து கதவின் கீலைக் கழற்றி எங்களை மீட்டார். "தம்பி, நான் வாடகைக்கு விட்டது வீட்டை. கார் ஷெட்டை இல்ல" என்றார்.

மூன்றாவதாக, தெருமுனை பிளாஸ்டிக் கடையில் நீல நிறத்தில் ஒரு சின்ன நாற்காலி. நடுவில் ஓட்டை, அடியில் கிண்ணம், வேறு எந்த வித்தையும் கிடையாது. கை கழுவும் பேசினுக்கு அடியில் அளவெடுத்துச் செய்த மாதிரி பொருந்தியது. செவ்வாய்க்கிழமை காலை வல்லி அதில் உட்கார்ந்தாள். போனாள்! மச்சான், எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. காரணம் சொல்லாமல் தெருவுக்கே பால்கோவா கொடுத்தேன்.

மறுநாள் ஆயுத பூஜை. நான் மில்லில் ஸ்டோர் கீப்பர் என்பது தங்களுக்குத் தெரியும். ஸ்பேனரிலிருந்து தராசு வரை பொட்டு வைத்துப் பழகிய கை வீட்டுக்கு வந்தும் நிற்கவில்லை. பைக், மிக்சி, இன்வெர்ட்டர், சிலிண்டர் என்று வைத்துக்கொண்டே போய், இதுவும் உழைக்கிற பொருள்தானே என்று நீல நாற்காலிக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, மிச்சம் இருந்த செவ்வந்திப் பூவையும் செருகிவிட்டேன். கேடு காலம்! சாயங்காலம் வல்லி வந்தாள், பார்த்தாள், செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டாள். தூக்கி உட்காரவைத்தால் அலறுகிறாள். "சாமி மேல உக்காந்தா கண்ணக் குத்தும்ப்பா!" பொட்டை அழித்தால் சாமியை அழித்துவிட்டேன் என்று ஒப்பாரி. கிண்ணத்தில் பொரி படைத்தாள். பிஸ்கட் படைத்தாள். தன் காரியத்தை மட்டும் பீரோவுக்குப் பின்னால் முடித்தாள். "ஏங்க, உங்க கைக்கு ஒரு விலங்கு மாட்டணும்" என்றாள் தங்கள் தங்கை. மறுநாள் விஜயதசமி. ஸ்கூலில் பெயர் எழுதினோம். தாளாளர் வெங்கடேஸ்வரி மேடம், "திங்கக்கிழமை வரட்டும். ஒரு வாரம் பாப்போம். சரிப்படலைன்னா மன்னிச்சிக்கோங்க" என்றார்.

வெள்ளிக்கிழமை அடுத்த வீட்டுத் தேவகிருபை அக்காதான் வழி சொன்னார். அவர்கள் சர்ச்சுக்குப் போகிறவர்கள், ஆனால் எங்கள் வீட்டு நல்லது கெட்டதில் பாதி அவர்கள் யோசனைதான். "தம்பி, சாமிய மணியடிச்சு வழியனுப்பி விடுங்க. போயிருச்சுன்னா பொறவு அது வெறும் சேர்தான?" தங்கள் வீட்டுச் சீரோடு வந்த வெண்கல மணியை எடுத்தேன், பேசினுக்கு முன்னால் நின்று கணகணவென்று ஆட்டினேன், "சாமி மலைக்குப் போயிருச்சு" என்றேன். வல்லி மேலே பார்த்தாள், டாட்டா காட்டினாள், உட்கார்ந்தாள், போனாள்!

அன்றிலிருந்து ஒரு தடவைகூடத் தவறவில்லை. ஒரே ஒரு நிபந்தனை, ஒவ்வொரு தடவையும் மணி அடிக்க வேண்டும். நேற்று ராக்கப்பன் அண்ணாச்சி குளித்துத் துண்டு கட்டி, நெற்றி நிறைய விபூதியோடு கீழே வந்துவிட்டார். "காலைல இருந்து நாலு மட்டம் மணிச்சத்தம் கேக்கு. என்ன விசேசம் தம்பி? தீவாரனை ஆயிருச்சா?" என்று பிரசாதத்துக்குக் கையை நீட்டினார். நான் என்ன செய்வேன், இருந்த பொரியை அள்ளிக் கையில் போட்டேன். கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார்.

ஆகவே மச்சான், வெற்றி! தாங்கள் சனிக்கிழமை வர வேண்டாம். காருக்குப் பெட்ரோல் போட வேண்டாம். வத்திராயிருப்பில் தொட்டில் கட்ட வேண்டாம். என் பிள்ளை என்னிடமே இருப்பாள். அக்காவுக்கு என் வணக்கம், அங்குள்ள பிள்ளைகளுக்கு வல்லியின் முத்தங்கள். தாங்கள் எல்லா வளமும் பெற்று, இனி ஆன்லைனில் எந்த சீட்டும் வாங்காமல், நூறாண்டு வாழ வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள
சங்கரலிங்கம்

பி.கு: இன்று திங்கட்கிழமை. கடிதத்தைத் தபாலில் போடும் வழியில் வல்லியை ஸ்கூலில் விட்டேன். வகுப்பு முழுக்கச் சின்னச் சின்ன நாற்காலிகள். எல்லாம் நீலம். ஒன்பதரைக்கு முதல் மணி அடித்தது. வல்லி மேலே பார்த்து டாட்டா காட்டினாள், உட்கார்ந்தாள். அங்கே ஒரு நாளைக்கு எட்டுத் தடவை மணி அடிப்பார்களாம் மச்சான். வெங்கடேஸ்வரி மேடம் சிரித்துச் சிரித்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு, "பிள்ளை சொன்ன நேரத்துக்குப் போறாளே, இது போதும், நாங்களே மணியை நிறுத்திட்டு விசில் ஊதிக்கிடுதோம்" என்று சேர்த்துக்கொண்டார். இனி வீட்டிலும் மணி இல்லாமல் பழக்க வேண்டும். எனவே மேலே எழுதியதை மறந்துவிட்டு, சனிக்கிழமை அவசியம் காரில் வாருங்கள். பிள்ளையை அல்ல, தங்கள் வீட்டு மணியைத் திரும்பக் கொண்டுபோகத்தான். வரும்போது ஆசையாக விசில் எதுவும் வாங்கி வந்துவிடாதீர்கள்.