காதண்ணாச்சியின் பழத் தீர்ப்புகள்

ஒரு பக்கம்கூடப் புரட்டாமல் ஊரிலேயே அதிகப் புத்தகங்களைத் தீர்த்துக்கட்டியவர் யார் என்று கேட்டால், கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்: பூதப்பாண்டி காதண்ணாச்சி. எழுதப் படிக்கத் தெரியாதவர் என்று நினைத்துவிடாதீர்கள். நன்றாகவே தெரியும். வாழைக்குலை வியாபாரி. கண் குலை பார்க்க, காது புத்தகம் பார்க்க என்பது அவர் வகுத்த சட்டம்.

“கண்ணால படிச்சா கத ஓடும் மக்கா. ஒருத்தன் படிச்சுக் கேட்டாத்தான் அது நடந்து வரும், கேட்டியா?”

அந்தியில் வியாபாரம் ஒதுங்கியதும் குலைகளுக்கு நடுவே உட்கார்ந்து வெற்றிலையை வாயில் அடக்குவார். எதிரே ஒருவன் உரக்கப் படிக்கவேண்டும். கதை பிடித்துவிட்டால் மெல்லுவது நின்றுபோகும். முடிவில் தீர்ப்பு. அதையும் பழமாகவே வழங்குவார். நல்ல புத்தகத்துக்குச் செந்துளுவன். சுமாருக்குப் பாளையங்கோடன். மோசம் என்றால் காம்பு கறுத்த பேயன். எழுதினவன் செய்த தப்புக்குப் படித்தவன் தின்று தீர்க்கவேண்டும்.

நான் அப்போது இராஜாக்கமங்கலத்திலிருந்து பூதப்பாண்டிக்கு வந்து, பத்திர ஆபீசில் நகல் எழுதிக்கொண்டிருந்தேன். கல்யாணம் ஆகவில்லை. ஆபீசில் கைக்கு வேலை உண்டு, வாய்க்குக் கிடையாது. சில நாட்களில் நான் பேசிய மொத்தப் பேச்சும் சாப்பாட்டுக் கடையில் “இன்னும் கொஞ்சம் சாம்பார்” என்பதோடு சரி. குரல் அப்படியே நின்றுபோய்விடுமோ என்று பயந்து, அறையில் சுவரைப் பார்த்து இருமிப் பார்த்துக்கொள்வேன். ஒருநாள் பழம் வாங்கப் போன இடத்தில் அதே பரீட்சையாக, அங்கே கிடந்த பத்திரிகையை வாய்விட்டு வாசித்தேன்.

“லே தம்பி, தொண்ட நல்லாத்தான் இருக்கு. நாளைக்கும் வாறியா?”

போனேன். பிறகு போகாத நாளே இல்லை.

முதலில் ஒரு காதல் நாவல். ஆற்றங்கரையில் கதாநாயகி அழத் தொடங்கினாள். அண்ணாச்சி மென்றுகொண்டே இருந்தார்.

“என்ன அண்ணாச்சி, பிடிக்கல்லியா?”

“இது பொகபோட்டுப் பழுக்க வச்சதுலே. மேல மஞ்ச, உள்ள காயி. பாத்து ரெண்டு நாளு ஆகல்ல, அதுக்குள்ள என்ன அழுக?”

எனக்குப் பேயன்.

துப்பறியும் கதைக்கு முதல் அத்தியாயத்திலேயே கையை நீட்டித் தடுத்தார். “கொன்னது சமையக்காரன். கடைசியப் படி.” படித்தேன். கொன்றவர் வக்கீல். அண்ணாச்சிக்குக் கோபம் வந்துவிட்டது. “எழுதுனவனுக்கு வெவரம் போராது. சமையக்காரன்தான் செய்திருப்பான்.”

என் அப்பா கொடுத்தனுப்பிய பிரசங்கத் தொகுப்பையும் வாசித்தேன். “சொல்லுகது எல்லாம் சத்தியம். ஆனா ஒருக்கச் சொன்னா எனக்கு மனசிலாகாதாவே?” பாளையங்கோடன்.

செந்துளுவன் முதலில் கிடைத்தது ஒரு ரயில் கால அட்டவணைக்கு. எங்கள் பக்கம் ரயிலே எட்டிப் பார்க்காத காலம் அது. ஊர்ப் பெயர்களை நான் வரிசையாக வாசிக்க வாசிக்க, அவர் வெற்றிலையை மெல்ல மறந்து உட்கார்ந்திருந்தார். “எவ்வளவு பேரு, எங்கயெல்லாமோ போறான் பாரு மக்கா” என்றார். அவருக்குப் போக ஓர் ஊரும் இல்லை, வர ஓர் ஆளும் இல்லை. கடையைப் பூட்டினால் அவரும் குலைகளும்தான்.

குடும்ப வைத்திய நூலில் மட்டும் நான் சறுக்கினேன். நோய்க்குறிகளை வாசிக்கும்போதே ஒவ்வொன்றாக எனக்கு வரத் தொடங்கின. மார்பு படபடத்தது. இடது கை மரத்தது. நாக்கை நீட்டிக் காட்டி, “அண்ணாச்சி, வெளுத்திருக்கா?” என்றேன்.

“வெளுக்கல்ல. அடுத்த வியாதியப் படி.”

அடுத்தது பிரசவ வேதனை. அதுமட்டும் எனக்கு வரவில்லை. ஆறுதலாக இருந்தது.

இப்படிப் போய்க்கொண்டிருந்த காலத்தில் ஜவுளிக்கடை முதலாளி ஒரு கிராமபோன் வாங்கினார். நாடகம் முழுவதையும் தட்டில் அடைத்து விற்கிறார்களாம். அதைத் தூக்கிக்கொண்டு நேரே அண்ணாச்சியிடம் வந்தார். “இனி இந்தப் பயலுக்குப் பழம் அழாண்டாம். சாவி குடுத்தாப் போரும், தானே சொல்லும்.”

இனி என் அந்திகள் சாம்பாரோடு போச்சு என்றே தீர்மானித்துவிட்டேன். பெட்டி பாடியது, பேசியது, அழுதது. அண்ணாச்சி புனலையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நடுவில், “இவ யாருக்கு மக?” என்று கேட்டார். பெட்டி தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

“எடுத்துட்டுப் போவும். இதுக்கு மூஞ்சி இல்ல.”

முதலாளி போகிற வழியெல்லாம் அதைச் சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன், நிம்மதியில்.

அதற்குப் பிறகு சில மாறுதல்கள். அண்ணாச்சி விளக்கைப் புத்தகத்தை விட்டு நகர்த்தி, என் மூஞ்சிக்கு நேரே வைத்தார். “எழுத்துத் தெரியல்ல அண்ணாச்சி” என்றால், “எனக்குத் தெரியுகுல்லா” என்பார். எந்தப் புத்தகத்துக்கும் செந்துளுவனே வந்தது. நில அளவைச் சட்டத்துக்குக்கூட! எனக்குத் திகில் பிடித்தது. இவருக்குச் சித்தம் கலங்கிவிட்டதா, அல்லது நான்தான் அவ்வளவு அருமையாக வாசிக்கிறேனா? இரண்டாவதை நம்பவே ஆசை. ஆனாலும் சோதித்துப் பார்த்தேன்.

நாவலில் கதாநாயகி சாகும் கட்டம். நாவலுக்குள் வைத்திய நூலை ஒளித்துவைத்து, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, தழுதழுத்த குரலில் மூலநோய் அத்தியாயத்தை வாசித்தேன்.

வெற்றிலை நின்றது. அண்ணாச்சியின் கண் கலங்கியது.

“சே… அந்தப் பிள்ளைக்கு இப்படி வரப்பிடாது மக்கா.”

சிரிக்கத்தான் வாயைத் திறந்தேன். சிரிப்பு வரவில்லை. காது போய்விட்டது அவருக்கு. எப்போது போனதோ! பெட்டிக்கு மூஞ்சி இல்லை என்றது அப்போதுதான் எனக்கு விளங்கியது. கேட்காத ஆளுக்கு எவன் வந்து படிப்பான் என்ற பயத்தில் என் உதட்டையும் புருவத்தையும் படித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

சொல்லிவிடலாமா? அறையில் சுவரிடம் ஒத்திகை பார்த்தேன். ‘அண்ணாச்சி, உங்களுக்குக் காது…’ அதற்குமேல் பயம். சொன்னால் அவர் வெட்கப்பட்டு, “இனி வராண்டாம்” என்றுவிட்டால்? காது கேட்காதவர் அவர், வாசித்துக் காட்ட வேறு ஆளில்லாதவன் நான். இதில் யார் நிலைமை மோசம் என்று எண்ணிப் பார்த்துவிட்டு, பேசாமல் மறுநாளும் போனேன். வாயை மட்டும் கொஞ்சம் அகலத் திறந்து வாசித்தேன்.

அந்தக் கிறிஸ்மஸுக்கு ஊருக்குப் போக எனக்கு லீவு கிடைக்கவில்லை. அன்று அந்தியில் வேண்டுமென்றே ஒரு நகைச்சுவைக் கதையாகப் பார்த்து எடுத்துக்கொண்டு போனேன். குரலை ஏற்றி இறக்கி, வெடிச்சிரிப்பெல்லாம் சிரித்து வாசித்தேன். பக்கத்துக் கடைக்காரர்கள்கூட எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். அண்ணாச்சி சிரிக்கவில்லை. விளக்கை இன்னும் கொஞ்சம் என் பக்கம் தள்ளினார்.

“இண்ணைக்குப் புஸ்தகம் செரியில்ல.”

“ஊரே சிரிக்கு, உங்களுக்கு என்ன?”

நான் சொன்னது அவர் காதில் விழவில்லை.

“ரொம்பச் சங்கடமான கதையால்ல இருக்கு. ஒனக்க அம்மையப் பாத்து எத்தற நாளாச்சு மக்கா?”

நான் புத்தகத்தை மூடினேன். அவர் எழுந்து போய், நல்ல செந்துளுவன் குலை ஒன்றை அப்படியே இறக்கி என் முன்னால் வைத்தார். “மூடாண்டாம். மிச்சத்தையும் படி. நான் கேக்கேன்.”

அதற்குப் பிறகு எனக்குக் கல்யாணம் ஆயிற்று, தலை நரைத்தது. வீட்டிலும் ஆபீசிலும் நான் சொல்வதை எல்லாரும் கேட்கத்தான் செய்கிறார்கள். ஆனாலும் வீட்டில் யாரும் இல்லாத அந்திகளில் இன்றைக்கும் வாய்விட்டுத்தான் படிக்கிறேன். எழுத்துத் தெரியாமல் தடுமாறினாலும், விளக்கு மட்டும் என் முகத்துக்கு நேரேதான் இருக்கும்.